மேசைமேல் எழும் அரசும் அதன் கருவூலமும்

அரசு ஒன்றை அமைக்க நிலம் வேண்டும், குடிகள் வேண்டும், படை வேண்டும் என்று படித்திருக்கிறோம். ஒரு மேசை, சில தாள்கள், ஒரு பென்சில், இருபது முகங்கொண்ட ஒரு பகடை, ஐந்தாறு நண்பர்கள் ஆகியவற்றைக் கொண்டே அரசமைக்கும் ஆட்டம் ஒன்று அமெரிக்க நாட்டில் தோன்றி அரைநூற்றாண்டைக் கடந்து நிற்கின்றது. அங்குள்ளோர் அதனை 'ரோல்பிளேயிங் கேம்' என்பர். பாத்திரமேற்பு ஆட்டம் என நாம் கூறலாம். அவ்வாட்டத்தில் செல்வம் எவ்வாறு இயங்குகிறது, செல்வத்தையே கருப்பொருளாகக் கொண்ட அரசமைப்புத் தொடராட்டம் ஒன்றுக்கு ஆட்டக்காரரைத் திரட்டுவோர் எவற்றைக் கருதவேண்டும் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பகடை என்றவுடன் பெரியோர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். இது சூதன்று. ஆடுவோரிடையே ஒரு காசும் கைமாறுவதில்லை. வென்றவர், தோற்றவர் என்ற பிரிவும் இல்லை. ஒருவர் ஆட்ட நடத்துநராக அமர்வார். கற்பனை உலகின் மலை, ஆறு, ஊர், பகைவர், வணிகர் அனைவரும் அவர் வாய்மொழியிலேயே உயிர்பெறுவர். மற்றையோர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, "நான் இதனைச் செய்கிறேன்" என்று கூறுவர். முடிவு ஐயத்திற்குரியதாயின் பகடை உருளும். ஓர் அமர்வு மூன்று நான்கு மணி நேரம் நடைபெறும். பல மாதங்கள், சிலபோது பல ஆண்டுகள் அதே பாத்திரங்களோடு கதை தொடரும். அதனையே தொடராட்டம் என்கிறோம். கூத்தும் கணக்கும் ஒருங்கே அமைந்த கலை என்று இதனைச் சொன்னால் பிழையாகாது.

இதன் மூதாதை போர்ப்பயிற்சி ஆட்டமாகும். பிரஷ்ய நாட்டு அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824இல் தம் படையினருக்கென அத்தகைய ஆட்டத்தின் விதிகளை வெளியிட்டார். பிற்காலத்தில் அது பொழுதுபோக்காகப் பரவியது. 1969இல் மின்னசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி என்பவர் பிரவுன்ஸ்டைன் என்னும் கற்பனை நகரைக் களமாக வைத்து ஓர் ஆட்டம் நடத்தினார். அதில் படைத்தலைவர்களோடு நகரத்தலைவர், வங்கியாளர் போன்ற பாத்திரங்களையும் தனித்தனி ஆட்டக்காரரிடம் ஒப்படைத்தார். போர் ஆட்டத்திற்குள் வங்கியாளர் நுழைந்த அந்நாளை நான் பெரிதும் மதிக்கிறேன். வாளுக்குப் பின்னே பணப்பை இருக்கிறது என்பது அன்றே ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது. அவ்வழியில் டேவ் ஆர்னசன் 'பிளாக்மூர்' என்னும் கற்பனை நாட்டை உருவாக்கினார். அவரும் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவைச் சேர்ந்த கேரி கைகாக்ஸும் இணைந்து ஆக்கிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974இல் மூன்று சிறு நூல்களாக, ஒரு பெட்டியில், 10 டாலர் விலையில் வெளிவந்தது. முதற்பதிப்பு 1000 படிகளே.

அம்மூன்று நூல்களுள் இரண்டாவதன் பெயரிலேயே 'புதையல்' என்னும் சொல் இடம்பெற்றிருந்தது. அது தற்செயலன்று. அவ்வாட்டத்தில் பாத்திரம் படிநிலை உயரப் பட்டறிவுப் புள்ளிகள் வேண்டும். பாழடைந்த நிலவறையிலிருந்து வெளியே கொணரும் ஒவ்வொரு பொற்காசும் ஒரு புள்ளியாகக் கணக்கிடப்பட்டது. பொருளே பட்டறிவு என்பது கேட்க நகைப்பாக இருக்கலாம், விளைவு ஆழமானது. கொடுவிலங்கைக் கொல்வதால் வரும் புள்ளிகளை 1975இல் வந்த துணைநூல் பெரிதும் குறைத்துவிட்டது. ஆதலின் போரிட்டு மடிவதைவிட, பகையின் கண்ணில் படாது நழுவிச் சென்று புதையலைக் கொணர்வதே அறிவுடைமையாயிற்று. எதற்குப் பரிசு கொடுக்கிறோமோ அதுவே ஆட்டத்தின் இயல்பாகிவிடுகிறது.

கைக்கு வந்த பொன் சுமையாகவும் அமைந்தது. 1970களின் இறுதியில் வந்த விரிவான பதிப்பில் பத்துக் காசுகள் ஒரு பவுண்டு எடை. பத்தாயிரம் காசு கண்டவன் ஆயிரம் பவுண்டு எடையைச் சுமக்கவேண்டும்! கழுதை வேண்டும், ஆள் வேண்டும், ஆளுக்குக் கூலி வேண்டும், கூலியாளே திருடிச் செல்லாதிருக்கக் காவலும் வேண்டும். ஊர் திரும்பினாலோ விலைவாசி வானளாவ நிற்கும். பொன் கொழிக்கும் வீரர் கூட்டம் வந்து தங்கும் ஊரில் விலை ஏறாமல் என்ன செய்யும்? அலாஸ்காவில் பொன் தேடிச் சென்றோர் குவிந்த ஊர்களின் நிலையை எண்ணிப்பார்க்குமாறு கைகாக்ஸ் 1978ஆம் ஆண்டு நூலில் ஆட்டக்காரருக்கு நினைவூட்டியுள்ளார். மறு ஆண்டு வெளிவந்த நடத்துநர் நூலில் வரி, சுங்கம், கட்டணம் எனப் பலவாறாக அவர்களுடைய பொன்னைக் கரைக்கும் வழிகளைக் கூறினார். படிநிலை உயரப் பயிற்சி பெறவும் கட்டணம் உண்டு: வாரத்திற்கு, படிநிலை ஒன்றுக்கு 1500 பொற்காசு என்பது பொதுவிதி. ஈட்டல் எளிது, நிறுத்திவைத்தல் அரிது என்னும் உலகியல் உண்மை அவ்விதிகளில் ஒளிந்துள்ளது.

பொன்னிலிருந்து நாட்டிற்கு

அத்தனை பொன்னையும் என்செய்வது என்ற வினாவிற்கு விடையாகவே அரசமைப்பு வந்தது. 1974ஆம் ஆண்டு நூலிலேயே கோட்டை கட்டும் செலவும் பணியாளர் ஊதியமும் தரப்பட்டிருந்தன. 1978ஆம் ஆண்டு விதிப்படி ஒன்பதாம் படிநிலையை எட்டிய போர்வீரன் கோட்டை எழுப்பி, சுற்றுப்புற நிலத்தைத் தூய்மைப்படுத்தித் தலைவனாகலாம். குடி ஒருவருக்கு மாதம் 7 வெள்ளிக்காசு வருவாய் பெறலாம். இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கவேண்டும். ஆயிரம் பேர் வாழும் ஊரென்றால் மாதம் 7000 வெள்ளிக்காசு. இருபது வெள்ளி ஒரு பொன்னாகையால் 350 பொற்காசு. அதே நூலில் தகட்டுக் கவசம் ஒன்றின் விலை 400 பொற்காசு! ஆயிரம் குடிகளின் ஒரு மாத வரி தலைவனுடைய மார்புக்கவசம் ஒன்றுக்கும் போதவில்லை. நிலவறையில் ஒரே இரவில் பல்லாயிரம் அள்ளியவன் நாடாளத் தொடங்கியபின் வறியவனாகிறான். ஆட்சி என்பது ஈட்டும் தொழிலன்று என்பதை இவ்வெண்களைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது.

1984இல் பிராங்க் மென்ட்சர் தொகுத்த 'கம்பேனியன்' தொகுதி இதனை மேலும் வளர்த்து, ஆட்சிப்பகுதியின் வருவாயோடு ஆள்வோன்மீது குடிகள் கொண்ட நம்பிக்கையையும் அளவிடத் தொடங்கியது. 1995இல் வெளிவந்த 'பர்த்ரைட்' இன்னும் துணிந்தது. மூன்று மாதத்தை ஒரு சுற்றாகக் கொண்ட அதில் அரசின் கணக்கு காசில் எழுதப்படுவதில்லை. ஏறத்தாழ 2000 பொற்காசு மதிப்புள்ள பொற்கட்டிகளில் எழுதப்படும். சட்டம், கோயில், வணிகக்குழு, மந்திர ஊற்று என நால்வகை உடைமைகள் உண்டு. ஒரே நாட்டில் இவற்றை வெவ்வேறு ஆட்டக்காரர் வைத்திருக்கலாம். அரியணையில் ஒருவர், சந்தையில் மற்றொருவர். அரசன் வணிகனிடம் கையேந்தும் காட்சி அங்கே இயல்பாகவே அமையும்.

ஆயினும் இத்துறையில் இன்று பெரிதும் பேசப்படுவது 'பாத்ஃபைண்டர்' ஆட்டத்திற்கென 2010இல் பைசோ நிறுவனம் வெளியிட்ட 'கிங்மேக்கர்' என்னும் தொடராட்டமே. இது 2018இல் கணினி விளையாட்டாகவும், 2022இல் புதுக்கிய நூலாகவும் வந்தது. 2010ஆம் ஆண்டு வடிவத்தைச் சற்று விரித்துரைப்பது பயன்தரும்.

வீரர்கள் சிலருக்கு ஆளில்லாக் காட்டுநிலத்தை ஆராயும் உரிமைப்பட்டயம் வழங்கப்படுகிறது. நிலம் 12 மைல் அளவுள்ள அறுகோணக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். கட்டம் கட்டமாக ஆராய்ந்து, உரிமை கொண்டு, ஊரமைத்துப் பின்னர் அரசு நிறுவுவர். அரசுக்குப் பொருளியல், குடிப்பற்று, உறுதி என மூன்று அளவைகள் உண்டு. நான்காவதாகக் கொந்தளிப்பு என ஒன்று நிழல்போல் தொடரும். அது 20ஐ எட்டினால் அரசு கட்டழியும். செல்வம் 'ஆக்கப்புள்ளி' என்னும் அலகில் எண்ணப்படும். அதில் பொன் மட்டுமன்றி மரம், கல், உழைப்பு, நல்லெண்ணம் அனைத்தும் அடக்கம்.

மாதந்தோறும் பராமரிப்பு, மேம்பாடு, வருவாய், நிகழ்வு என நான்கு கட்டங்கள் நடைபெறும். வருவாய் காண இருபதுமுகப் பகடையை உருட்டிப் பொருளியல் அளவைக் கூட்டுவர். கூட்டுத்தொகை குறித்த இலக்கை எட்டினால் அதனை ஐந்தால் வகுத்து வந்த எண்ணே அம்மாத வரவு. அவ்விலக்கு எத்துணை? இருபதும், அரசின் பரப்பிலுள்ள கட்டங்களின் எண்ணிக்கையும் சேர்ந்தது. எல்லை விரியவிரிய ஆள்வது கடினமாகும். செலவும் பரப்பையும் நகரப் பகுதிகளையும் ஒட்டியே ஏறும். கழனி ஒவ்வொன்றும் அச்செலவில் இரண்டு புள்ளிகளைக் குறைக்கும். உழவின்றி வெற்றிமேல் வெற்றி கொண்ட அரசு பட்டினியில் வீழ்வதை நான்கைந்து சுற்றுகளுக்குள் கண்ணாரக் காணலாம்.

வரிவிதிப்பு விதி என்னை மிகவும் கவர்ந்த ஒன்று. இலேசான வரி பொருளியலை ஒன்று உயர்த்திக் குடிப்பற்றை ஒன்று தாழ்த்தும். இயல்பான வரியில் இரண்டுக்கு இரண்டு. கடுவரியோ மூன்று உயர்த்தி நான்கைத் தாழ்த்தும். வரம்பு மீறிய வரி நான்கே உயர்த்தி எட்டைத் தாழ்த்திவிடும். ஒரு படிக்கு மேல் சென்றால் ஈட்டம் கூடுவதினும் இழப்பு இருமடங்காவதை இச்சிறு பட்டியல் காட்டுகிறது. பொருட்பாலில் இறைமாட்சி பயின்ற நம் மாணவர்க்கு இதன் நுட்பத்தை விளக்க வேண்டியதில்லை.

அதனினும் கூர்மையானது கருவூல விதி. பாத்திரங்கள் தம் சொந்தப் பொன்னை அரசுக்கு ஈய விரும்பினால் 4000 பொற்காசுக்கு ஓர் ஆக்கப்புள்ளி ஏறும். அதே புள்ளியை மீண்டும் சொந்தக் கைக்கு எடுத்தால் 2000 பொற்காசே கிடைக்கும். எடுக்குந்தோறும் குடிகள் கொந்தளிக்கவும் கூடும். கொடுத்ததில் பாதி காணாமற்போகிறது! அறநூல் எதுவும் எழுதாமலே, பொதுப்பொருளில் கைவைப்பதன் இழிவை ஒரு வகுத்தற் கணக்கால் விதியாக்கிவிட்டனர். மறுபுறம் அவ்விதிகளில் ஓர் ஓட்டையும் இருந்தது. மந்திரப்பொருள் விற்கும் கடைகளை நகரெங்கும் கட்டி, அங்குத் தோன்றும் பொருள்களை விற்றே கருவூலத்தை நிரப்பலாம் என்பதை ஆட்டக்காரர் விரைவில் கண்டுபிடித்தனர். வயலும் சாலையும் வீணாயின, நாடே கடைத்தெருவாயிற்று. 2013இல் வந்த திருத்திய விதிகள் அவ்வழியை அடைத்தன.

ஆட்டக்காரரைத் திரட்டல்

இத்தகைய தொடராட்டத்திற்கு எவரை அழைப்பது? 1974ஆம் ஆண்டு நூல் ஒரு தொடராட்டத்தில் நால்வர் முதல் ஐம்பதின்மர் வரை பங்கேற்கலாம் என்றது. இன்று நால்வர் முதல் அறுவர் என்பதே வழக்கம். பென் ராபின்ஸ் என்பார் நடத்திய 'வெஸ்ட் மார்ச்சஸ்' ஆட்டம்போலப் பத்துக்கும் மேற்பட்டோரைத் திரட்டி, எந்நாளில் எவர் வருவது என்பதை அவர்களே முடிவு செய்யும் முறையும் உண்டு. அரசமைப்புக்கு அது ஒத்துவராது என்பது என் கருத்து. அமைச்சரவை வாரந்தோறும் மாறினால் வரவுசெலவுத் திட்டம் என்னாவது?

மேலே கூறிய கிங்மேக்கர் அரசில் மன்னர், அமைச்சர், படைத்தலைவர், தூதர், கருவூலத் தலைவர், ஒற்றர் தலைவர் முதலாகப் பதினொரு பதவிகள் உண்டு. ஆட்டக்காரர் ஐவரென்றால் மீதி ஆறு இடங்களை நடத்துநரின் பாத்திரங்கள் நிரப்பவேண்டும். காலியாக விட்டால் அரசு தள்ளாடும். கருவூலத் தலைவர் இல்லையேல் பொருளியல் நான்கு குறைவதோடு வரியே தண்ட இயலாது. வாளேந்த அனைவரும் விழைவர். கணக்கேடு ஏந்த ஒருவரேனும் விழையவேண்டும். அவ்வொருவரைத் தேடுவதே திரட்டுவோரின் முதற்பணி என்பேன்.

பெரும்பாலான அழைப்புகள் உலகின் வரலாற்றைப் பக்கம் பக்கமாக எழுதி, ஆட்டத்தின் இயல்பை ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. மந்திரவாதிகளின் பழம்போரை வாசித்துப் பெருங்கனவோடு வந்தவர், மூன்றாம் அமர்வில் உப்பு வரியைப் பற்றி ஒன்றரை மணி நேரம் வாதிடக் கண்டு சோர்ந்து நீங்குகிறார். அவர்மீது குற்றமில்லை. அழைப்பு அவருக்கு உண்மையைச் சொல்லவில்லை. ஒருவர் நீங்கினால் ஒரு பதவி காலி. இருவர் நீங்கினால் தொடராட்டமே நின்றுவிடும். பலருடைய மாதக்கணக்கான மாலைப்பொழுதுகள் அவ்வழைப்பின் நேர்மையைச் சார்ந்துள்ளன. ஆகவே எந்த விதிநூல், எப்பதிப்பு, எக்கிழமை, எவ்வளவு நேரம், ஏறத்தாழ எத்தனை மாதம் என்பவற்றை முதலிற் கூறவேண்டும்.

செல்வம் கருப்பொருளென்றால் மேலும் சில கூறியாகவேண்டும். செல்வம் யாருடையது? புதையல் வீரருக்கா, கருவூலத்திற்கா? ஓர் ஆட்டக்காரர் மற்றவருக்குக் கடன் தரலாமா, வட்டி வாங்கலாமா, மறைவாகச் சேர்க்கலாமா? சிலருக்கு அதுவே சுவை; சிலருக்கு அது நட்பை முறிக்கும் நஞ்சு. முன்கூட்டி உரைத்தால் இருவகையினரும் தத்தமக்குரிய மேசையைத் தேடிக்கொள்வர். அடிமை வணிகம், கொடுவரியால் எழும் பஞ்சம் முதலியன கதையில் வருமா என்பதையும் அறிவித்தல் வேண்டும்.

மாதிரிக்கு ஓர் அழைப்பை இங்கு வரைந்து காட்டுகிறேன்:

"ஆற்றுமுகத்தில் உப்பளங்களும் பாழடைந்த துறைமுகமும் கொண்ட சிறுநாடு ஒன்று உங்கள் கைக்கு வருகிறது. முந்தைய மன்னன் வணிகக்குழுவிடம் பட்ட கடனும் உடன் வருகிறது. ஐவர் தேவை. ஞாயிறு மாலை நான்கு மணி முதல் ஏழு மணி வரை, ஓராண்டுக்குத் திட்டமிட்டுள்ளோம். ஆட்டத்தில் பாதி நேரம் ஆராய்தலும் போரும். மறுபாதி வரி, வணிகம், வழக்கு. புதையலில் பாதி கருவூலத்திற்குரியது. ஆட்டக்காரர் தமக்குள் வாதிடலாம், வஞ்சித்தல் கூடாது. முன்பயிற்சி தேவையில்லை, கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் போதும். வர விரும்புவோர் ஒரு வினாவிற்கு விடை எழுதுக: கடனடைத்தபின் எஞ்சும் முதல் நூறு பொற்காசை எதற்குச் செலவிடுவீர்?"

அவ்விறுதி வினாவே தேர்வின் உயிர்நாடி. "உம் பாத்திரம் போர்வீரனா, மந்திரவாதியா?" என வினவினால் ஆளை அறிய முடியாது. மதில் கட்டுவேன் என்பவர் அஞ்சுகிறார். அச்சமும் அரசுக்கு வேண்டும். களஞ்சியம் அமைப்பேன் என்பவர் நெடுநோக்கினர். விழா எடுப்பேன் என்பவரை வீணர் எனத் தள்ளிவிடக் கூடாது. விழாவுக்குச் செலவிட்டுக் குடிப்பற்றை உயர்த்தும் வழி கிங்மேக்கர் விதிகளிலேயே உண்டு. வட்டிக்கு விடுவேன் என்று ஒருவர் எழுதினால் அவரையும் சேர்க்கலாம், ஆனால் கருவூலத்தை அவரிடம் ஒப்படைக்குமுன் மற்ற நால்வரையும் கேட்டுக்கொள்வது நலம். ஐவரும் ஒரே விடை எழுதினால்தான் கவலைப்படவேண்டும். கருத்து வேறுபாடில்லாத அமைச்சரவையில் நடத்துநருக்கு வேலையில்லை. என் வகுப்பு மாணவர் சிலரிடம் இவ்வினாவை விளையாட்டாகக் கேட்டேன். ஒருவர், "கடன் கொடுத்தவனுக்கு ஒரு விருந்து வைப்பேன், நாளை மீண்டும் கேட்க நேரும்" என்றார். அவரையே கருவூலத் தலைவராக்கலாம் என்று தோன்றியது.

தேர்ந்தபின் உடனே ஆடத் தொடங்குவதில்லை. முதல் அமர்வுக்கு முன்னர் ஓர் அமர்வு உண்டு. அதனைச் 'சுழிய அமர்வு' என வழங்குவர். அங்கே பகடை உருளாது. பாத்திரங்களை ஒருவருக்கொருவர் இசைவாக அமைத்துக்கொள்வர். இருவர் உடன்பிறந்தோராகலாம், ஒருவர் வணிகக்குழுவின் பழைய எழுத்தராகலாம். கதையில் வரலாகாதவை எவை என்று பேசி முடிப்பர். மாதக் கணக்கை எவர் எழுதுவது, அமர்வுக்கு வர இயலாதவரின் பதவியை எவர் பார்ப்பது, இருவர் மாறுபட்டால் முடிவு மன்னரதா, பெரும்பான்மையினதா என்பவற்றை உறுதி செய்வர். கணக்கு வேலையில் அமர்வு முழுதும் மூழ்காதிருக்க, மாதச்சுற்றை அமர்வுக்கு முன்பே கருவூலத் தலைவரும் நடத்துநரும் போட்டு முடித்து, முடிவு செய்யவேண்டிய இரண்டொன்றை மட்டும் மேசைக்குக் கொண்டுவருவது அனுபவமிக்கோர் கையாளும் முறை. நாட்டின் பெயரை இறுதியாக முடிவு செய்வர். அதற்குத்தான் மிகுந்த நேரம் செல்லும். பிறகு கருவூலப் பொறுப்பை ஏற்றவர் புதிய குறிப்பேட்டைத் திறந்து, பக்கத்தின் நடுவே கோடிழுத்து, பற்றுப் பக்கத்தின் முதல் வரியில் பழைய மன்னனின் கடனை எழுதுகிறார். அடுத்த ஞாயிறு நான்கு மணிக்கு அவை கூடும்.